ஓடும்போதே நின்றுபோகும் பழைய கார் எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோலில் ஓடும் பழைய கார்களுக்கான பக்கம் இது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) வைத்த வண்டிகள், அவற்றுக்கு அடுத்து வந்த தொடக்க கால இன்ஜெக்‌ஷன் வண்டிகள் இரண்டும் இதில் அடக்கம். இன்ஜெக்‌ஷன் என்றால் கணினியின் கட்டளைப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, ஆனால் நடுவில் நின்றுபோகிறது என்ற தொல்லையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியின் கதை வேறு.

எந்தப் பாகத்தை முதலில் மாற்றிப் பார்க்கலாம்?

எதையும் மாற்ற வேண்டாம். வண்டி நின்றதும் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு பாகத்தைச் சொல்வார்கள். பிளக்கை மாற்று, காயிலை மாற்று, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவு, பம்பை மாற்று. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ட ஏதோ ஒரு வண்டியில் அதுதான் காரணமாக இருந்திருக்கும். உங்கள் வண்டியில் காரணம் என்ன என்பது வேறு கேள்வி.

கண்ணை மூடிக்கொண்டு பாகம் மாற்றுவதில் காசு போவதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் ஒரு வயர் தளரலாம், ஒரு கேஸ்கெட் சரியாக உட்காராமல் போகலாம், புதிதாக வாங்கிய கண்டென்சரே பழுதாக இருக்கலாம். அப்போது பழைய கோளாறோடு புதிய கோளாறும் சேர்ந்துகொள்ளும். இரண்டு கோளாறுகள் பின்னிக்கிடக்கும் எஞ்சினில் எதையும் பிரித்துப் பார்ப்பது மிகவும் கடினம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எஞ்சின் நின்ற அந்த நொடியில் அதற்கு எது கிடைக்கவில்லை? தீப்பொறியா, பெட்ரோலா, சரியான அளவு காற்றா? இதற்கு விடை தெரியும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

நிற்கும் விதத்தை வைத்தே காரணத்தை ஊகிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். சாவியைத் திருப்பி அணைத்தது போல, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். தீப்பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயில், அதோடு வேலை செய்யும் கண்டென்சர், சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்ச், எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, அறுந்த வயர் ஆகியவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதற்கு மாறாக, முதலில் இழுவை குறைந்து, வண்டி குலுங்கி, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் துவண்டு, மூச்சு வாங்கியபடி நின்றால் அது பெட்ரோல் பற்றாக்குறை. கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்து, திணறி நின்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. வேகமாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை, காலை எடுத்தால் மட்டும் நிற்கிறது என்றால் ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் நிலை) பாதையிலோ காற்றுக் கசிவிலோ தேடலாம்.

டாக்கோமீட்டர் (எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் மானி) உள்ள வண்டியாக இருந்தால் இன்னொரு நல்ல சாட்சி கிடைக்கும். கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் செத்தாலும், கிளட்சை மிதிக்காதவரை சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் டாக்கோமீட்டர் முள் வண்டியின் வேகத்தோடு மெதுவாக இறங்கினால், இக்னிஷனின் முதல்நிலைச் சுற்று, அதாவது காயிலுக்கு பேட்டரி மின்சாரம் போகும் பாதை, வேலை செய்கிறது என்று பொருள். பெட்ரோல் பக்கம் சந்தேகப்படலாம். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால், காயிலின் முதல்நிலைச் சுற்றோ கிராங்க் சென்சாரின் சிக்னலோ அறுந்துவிட்டது. ஏனென்றால் பெரும்பாலான பழைய வண்டிகளில் டாக்கோமீட்டர் காயிலிலிருந்துதான் தன் துடிப்பை வாங்குகிறது. ஒரே ஒரு பார்வையில் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பின் ரிலே துண்டித்தால், அழுத்தம் விரைவில் வடிந்துவிடுவதால் அதுவும் மின்சாரக் கோளாறு போலவே திடீரென்று நிற்கும்.

நோட்டுப்புத்தகத்தில் குறித்துவைக்கச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இவற்றை எழுதுங்கள்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம் ஆயிற்று, வெப்பமானி எதைக் காட்டியது, என்ன வேகம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், மழையா வெயிலா, உங்கள் கால் எந்தப் பெடலில் இருந்தது, ஏசியோ முகப்பு விளக்கோ போட்டிருந்தீர்களா, வளைவா மேடா.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ள தகவல், மறுபடி எப்போது ஸ்டார்ட் ஆயிற்று என்பதுதான். உடனே ஸ்டார்ட் ஆனால் ஒரு தளர்வான இணைப்போ ஐட்லிங் குறையோ இருக்கலாம். இருபது நிமிடம் ஆறவிட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சூட்டில் செயலிழக்கும் ஒரு பாகம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகி, சில கிலோமீட்டர் ஓடி, மறுபடி அதேபோல் நிற்கிறது என்றால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியில் அடைப்பைத் தேடுங்கள். டேங்குக்குள் கிடக்கும் குப்பை உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சும் விசை இல்லாமல் விலகி விழுந்துவிடும். ஓடத் தொடங்கியதும் மறுபடி வந்து ஒட்டும். ஐந்தாறு பதிவுகள் சேர்ந்தால் போதும், ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

வண்டி சாலை நடுவில் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்வது?

அபாய விளக்கைப் போட்டு, உருளும் வேகத்தைக் கொண்டே ஓரம் கட்டுங்கள். பவர் ஸ்டியரிங் இருந்தால் சட்டென்று கனத்துவிடும். இரண்டு கைகளாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் தேங்கியிருக்கும் வெற்றிடம் ஓரிரு முறை மிதிக்கப் போதும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை லாக் நிலைக்குக் கொண்டுபோகவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் ஒருமுறை இப்படி நின்றிருந்தால், காரணம் தெரியும்வரை அந்த வண்டியை அங்கே கொண்டுபோகாதீர்கள். இதை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

ஓரம் கட்டிய பிறகு பானெட்டைத் திறந்து எதைப் பார்ப்பது?

கோளாறு உயிரோடு இருக்கும் நேரம் அதுதான். ஆறிய பிறகு, பட்டறைக்குப் போன பிறகு, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆகவே பெட்ரோல், தீப்பொறி ஆகிய இரண்டு சோதனைகளையும் அங்கேயே செய்யத் தயாராக இருங்கள். அவற்றுக்கு வண்டியில் எப்போதும் ஒரு பழைய நல்ல பிளக், ஒரு டெஸ்ட் லைட், ஒரு சிறிய மல்டிமீட்டர், ஒரு துணி, ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தால் போதும். சிறிய தீயணைப்பானும் இருக்கட்டும்.

முதலில் பெட்ரோலைப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடாத நிலையில், கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் ஒருமுறை முழுதாக இழுங்கள். மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்சி அடித்தால் மிதவை அறையில் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு அறை) பெட்ரோல் இருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் அறை காலி. பம்ப், ஃபில்டர், டேங்க் என்று பின்னோக்கிப் போகலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின்பக்கத்தில் ஓரிரு நொடி ‘உம்ம்’ என்ற ஓசை கேட்டு அடங்க வேண்டும். அதுதான் பம்ப். ஓசை இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்புக்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். சில வண்டிகளில் மோதலின்போது பம்பை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் உண்டு.

அடுத்தது தீப்பொறி. ஏர் ஃபில்டர் மூடியை முதலில் மறுபடி பொருத்திவிடுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் ஆவி போகும்வரை காத்திருங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, கொண்டுவந்த பழைய பிளக்கில் செருகி, பிளக்கின் இரும்பு உடலை எஞ்சினின் வெறும் உலோகத்தில் உறுதியாகத் தொடும்படி கிளிப் போட்டு வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். எலக்ட்ரானிக் இக்னிஷனில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் போகும். இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். டிக் டிக் என்று நீலமாக, குண்டாகத் தாவினால் நல்லது. மங்கிய மஞ்சள் நிறத்தில் இழை போல வந்தாலோ வராமலே போனாலோ கோளாறு மின்சாரப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பிளக் எர்த் ஆகாமல் வெறுமனே தொங்கும் நிலையில் சுற்றாதீர்கள், இக்னிஷன் மாட்யூல் (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பாகம்) கெட்டுவிடலாம்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் பத்து நிமிடம் ஆகும். மூன்று மாதம் அலைவதை இந்தப் பத்து நிமிடம் மிச்சப்படுத்தும்.

சூடானால் மட்டும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. என்ன காரணம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சூட்டில் உலோகம் விரிகிறது, காயிலுக்குள் மயிரிழை அளவு விரிசல் விழுந்த கம்பி அப்போது பிரிந்துகொள்கிறது, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. காயில், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டரில் (தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) இருக்கும் இக்னிஷன் மாட்யூல், கிராங்க் சென்சார் நான்கும் இப்படிச் செய்யக்கூடியவை.

எதுவென்று கண்டுபிடிக்கத் தண்ணீரும் துணியும் உதவும். நின்றதும் தீப்பொறி இல்லை என்று உறுதியானால், நனைத்துப் பிழிந்த துணியைக் காயிலின் உடலில் மட்டும் சுற்றி, இரண்டு நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடினால் காயில்தான். ஓடாவிட்டால் கிராங்க் சென்சார் இருக்கும் இடத்தைக் குளிர வையுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் குளிர வைத்தால் எது காரணம் என்று தெரியாமலே வண்டி ஓடத் தொடங்கிவிடும். வீட்டில் இதைத் திருப்பியும் செய்யலாம்: எஞ்சின் ஓடும்போது ஒரு பாகத்தை மட்டும் முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, எதில் நிற்கிறது என்று பாருங்கள். காயிலை மல்டிமீட்டரில் அளப்பதென்றால் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) வைத்த 12 வோல்ட் வண்டிகளில் முதல்நிலைச் சுற்று ஏறக்குறைய 3 ஓம் காட்டும். வெளியே தனியாக மின்தடை வைத்த வகைகளில் 1.5 ஓம் அளவில் இருக்கும்.

தீப்பொறி நன்றாக இருந்து பெட்ரோல் இல்லையென்றால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்பால் தள்ள முடியாத நிலை வந்திருக்கலாம். வேப்பர் லாக் என்று சொல்வது இதைத்தான். நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டிகளிலும், வேகமாக ஓட்டி வந்து சற்று நிறுத்திவிட்டு மறுபடி எடுத்த வண்டிகளிலும் வரும். ஈரத்துணியைப் பம்பின் மீது போட்டு ஓடினால் இதுதான். பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாய்க்கு அருகில் நகர்ந்திருக்கிறதா, வெப்பத்தடுப்புத் தகடு காணாமல் போயிருக்கிறதா, கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடிமனான தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பலமுறை கழற்றிப் பூட்டும்போது இவற்றை யாரோ ஒருவர் போடாமல் விட்டிருப்பார்.

குளிர்ந்த எஞ்சினில்தான் நிற்கிறது என்றால்?

கார்புரேட்டர் என்றால் சோக் (குளிரில் காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாக மூடுகிறதா, சூடு ஏற ஏறத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் என்றால் கூலண்ட் வெப்ப சென்சாரை அளந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்டும். சென்சார் எப்போதும் சூட்டு அளவையே சொன்னால், குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலைக் கணினி தராது.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஐட்லிங்கை ஏற்றி வைத்தால் போதுமா?

அது நோயை மூடி வைப்பது. பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றில் அமைதியாக ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஒரு காரணம் இருக்கிறது.

கார்புரேட்டரில் ஐட்லிங்குக்குத் தனியாக ஒரு சிறு ஜெட் உண்டு. அதன் துளை ஊசி முனை அளவுதான். ஒரு துகள் போதும் அடைக்க. கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல்-காற்றுக் கலவை நிரந்தரமாகக் கெட்டுவிடும். சில கார்புரேட்டர்களில் சாவியை அணைத்ததும் ஐட்லிங் பெட்ரோலை நிறுத்தும் மின்காந்த வால்வு ஒன்று இருக்கும். சாவியை ஆன் செய்து, அதன் வயரைக் கழற்றிச் செருகும்போது ‘க்ளிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வால்வு பழுது, அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. ஐட்லிங் திருகை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் வாயைச் சுற்றிப் படிந்த கரியும், ஐட்லிங் காற்றை அளந்து விடும் வால்வில் படிந்த கரியும்தான் முதல் சந்தேகம். சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். சில மாடல்களில் அதற்குப் பிறகு கணினிக்கு ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொடுக்கும் நடைமுறை தேவைப்படும்.

இரண்டு வகைக்கும் பொதுவானது காற்றுக் கசிவு. பழைய ரப்பர் ஹோஸ்கள் முனைகளில்தான் முதலில் வெடிக்கும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், வளைத்துப் பார்த்தால் வாய் பிளக்கும். ஒரு நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டைச் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்த் தொகுதி) சுற்றி நகர்த்துங்கள். ‘உஸ்ஸ்’ என்ற சீறல் ஓரிடத்தில் பலமாகக் கேட்கும். அல்லது இணைப்புகளின் மீது தண்ணீரை மென்மையாகத் தெளியுங்கள். எஞ்சின் ஓசை மாறும் இடம் கசியும் இடம். கார்புரேட்டர் கிளீனரைத் தெளிக்கச் சொல்பவர்கள் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரே போதும்போது அந்த ஆபத்து வேண்டாம். வாக்குவம் கேஜ் (வெற்றிடமானி) இருந்தால், நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 22 அங்குலம் வரை பாதரச அளவைக் காட்டி, முள் நடுங்காமல் நிற்கும். தாழ்ந்து, ஆனால் நிலையாக நின்றால் கசிவோ தாமதமான டைமிங்கோ (தீப்பொறி விழும் நேரம்) இருக்கலாம். சீராக ஆடினால் வால்வுகளைச் சந்தேகப்படலாம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நிற்கிறதா? பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர்த் திரை கிழிந்திருக்கலாம். பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கிடுக்கியால் அழுத்தி மூடி, நின்ற இடத்திலேயே ஐட்லிங்கைப் பாருங்கள். அப்படி மூடிய நிலையில் ஓட்ட வேண்டாம், பெடல் கல் மாதிரி ஆகி பிரேக் சரியாகப் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, நிறுத்தும்போது கிளட்சை மிதிக்காமல் நிறுத்தியது போல உதறி அணைந்தால், டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் பூட்டும் அமைப்பு) விடுபடவில்லை என்று பொருள். எஞ்சினில் தேடிப் பயனில்லை.

பெட்ரோல் டேங்க் மூடியால் எஞ்சின் நிற்குமா?

நிற்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். பழைய வண்டிகளில் மூடியிலேயே அதற்குச் சிறு துளையோ வால்வோ இருக்கும். அது அடைந்துவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். நின்றதும் மூடியைத் திறந்து, காற்று உள்ளே இழுக்கும் ஓசை பலமாகக் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம். வேறு வண்டியின் மூடியைப் பொருத்தியிருப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடி போன்ற ஃபில்டரில் பாதிதான் பெட்ரோல் தெரிகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். பல வண்டிகளில் அது இயல்பு. ஓடும்போது இடைவிடாமல் குமிழ்கள் வந்தால்தான் கவலை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ ஹோஸ் காற்றை உறிஞ்சுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரைத் தின்றுவிடும். ஆகவே பல ஆண்டுகள் பழைய ஹோஸ்களை மட்டும் சோதனை எதுவும் இல்லாமலே மாற்றலாம். நான் அப்படிச் சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

பாயிண்ட், கண்டென்சர் வைத்த வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பாயிண்ட் இடைவெளி பெரும்பாலும் 0.35 முதல் 0.45 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டு அளவே சரி. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைக்கும் முன், பாயிண்டைத் திறக்கும் நார்க்குதிகால் சுழலும் கேமின் உச்சியில் நிற்கிறதா என்று பாருங்கள். முனைகள் வேகமாகக் கருகி ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்தால் கண்டென்சர் சந்தேகத்துக்குரியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிழித்தது போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால், அது தீப்பொறி ஓடிய தடம். மூடியை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை. அதை என் வண்டியிடமே கற்றேன். கார்புரேட்டர் கார். மிதமான வேகத்தில் போகும்போது, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலோ விட்டாலோ ஒரு நொடி அணைந்து மறுபடி பற்றும்; சில நாள் பற்றாது. பிளக், பிளக் வயர், காயில் எல்லாம் புதிதாயின. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தார்கள். மூன்று மாதம் போனது. அணையும் ஒவ்வொரு முறையும் டாக்கோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழுந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது என்ன சொல்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு மாலை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓசை எழுப்பும் நிலையில் வைத்தேன். ஒரு முனை வெளி டெர்மினலில், மறு முனை பாயிண்டின் அசையும் கையில். ‘பீ’ என்று ஒலித்தது. எஞ்சின் வெற்றிடத்தால் தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் வாக்குவம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சினேன். பாயிண்ட் தாங்கும் தட்டு மெல்லத் திரும்பியது; ஓசை நின்றது. விட்டேன், ஒலித்தது. உள்ளே விரல் நீளம்கூட இல்லாத ஒரு வயர் அந்தத் தட்டோடு ஒவ்வொரு முறையும் வளைந்து வளைந்து, மேலுறை சிறிதும் கிழியாமல் உள்ளே இருந்த செம்பு இழைகள் மட்டும் அறுந்திருந்தன. மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நல்ல வயர் நீளாது; இது ரப்பர் நாடா போல நீண்டது. நுண்ணிழைகள் கொண்ட வளையும் வயராகப் பார்த்து மாற்றிய பிறகு வண்டி ஒருமுறைகூட அப்படி அணையவில்லை. தட்டுக்கு எர்த் கொடுக்கும் சிறு வயரும் இதேபோல் அறும். இரண்டையும் இழுத்துப் பாருங்கள்.

பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

பிஸ்கட் நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்துச் சுட்டது போல இருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது காற்றுக் கசிவு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரில் மட்டும் தேடுங்கள்.

சாவிக்கொத்து கனமாக இருந்தால் எஞ்சின் நிற்கும் என்பது உண்மையா?

பழைய இக்னிஷன் சுவிட்சில் உள்ளிருக்கும் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். கனமான கொத்து குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போவது உண்மைதான். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, சாவியை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றி, சாவியை விட்டதும் அணைந்தால், காயிலோடு தொடரில் இருக்கும் மின்தடையைப் பாருங்கள். ஸ்டார்ட் நிலையில் அதைத் தவிர்த்து நேரடியாக மின்சாரம் போகும்படியாக அந்தச் சுற்று அமைந்திருக்கிறது.

இதோடு எர்த்தையும் சேர்த்துச் சோதியுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையிலோ அதன் இணைப்பிலோ துரு ஏறியிருக்கிறது. நின்றிருக்கும் வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும்.

மழையில் மட்டும் நிற்கிறது.

பிளக் வயர்களும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும்தான். இருட்டிய பிறகு, திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின் மீது தண்ணீரைப் புகை போலத் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறிகள் தாவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கையால் தொடாதீர்கள். எந்தச் சோதனைக்கும் மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஸ்கேனர் போட்டால் காரணம் தெரிந்துவிடுமா?

திசை தெரியும். ஸ்கேனரைச் செருகும் பொதுத்தர ஓபிடி-2 இணைப்பு அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகளில் விளக்கு மின்னும் எண்ணிக்கையை எண்ணிக் கோளாறுக் குறியீட்டைப் படிக்க வேண்டியிருக்கும்.

பி0335 கிராங்க் சென்சார் சுற்றையும், பி0505 ஐட்லிங் கட்டுப்பாட்டையும், பி0171 பெட்ரோல் குறைந்த கலவையையும் குறிக்கும். பி0335 வந்தால் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். அந்தச் சுற்றில் சென்சாரோடு வயரும் கனெக்டரும் இருக்கின்றன. பி0171 வந்தால் காற்றுக் கசிவு, அடைந்த ஃபில்டர், சோர்ந்த பம்ப், அழுக்கேறிய காற்றளவி சென்சார் எல்லாமே அதற்குப் பொருந்தும். மறுபுறம், குறியீடே இல்லாமல் சூட்டில் கிராங்க் சென்சார் சிக்னல் விட்டுப்போவதும் நடக்கிறது. எஞ்சின் நிற்கும் நேரத்தில் ஸ்கேனரில் எஞ்சின் சுழற்சி எண்ணையும், அழுத்தமானியில் பெட்ரோல் அழுத்தத்தையும் பார்ப்பதே உருப்படியான சாட்சி. பெரும்பாலான பல்முனை இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அழுத்தம் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும்.

ரிலேயைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுச் சூட்டில் உள்ளே இருக்கும் சால்டர் இணைப்பைச் சுற்றி வட்டமாக மெல்லிய விரிசல் விழும். உறையைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். பெட்ரோல் நிரப்பியதும் மட்டும் நிற்கிறது என்றால், டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டியிருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறது. எஞ்சினே தேய்ந்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். வால்வு இடைவெளி குறைந்துபோனால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் ஐட்லிங் நிலைக்காது. முதலில் அதை அளந்து சரிசெய்யுங்கள். பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்குள் வேறுபாடு 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போகாதவரை, ஐட்லிங்கில் நிற்பதற்கு எஞ்சின் தேய்மானத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

நோட்டுப்புத்தகத்தைக் கையில் கொடுங்கள். ‘காயில் போய்விட்டது போலிருக்கிறது’ என்று சொல்லாமல், ‘நாற்பது நிமிடம் ஓடிய பிறகு நிற்கிறது, நின்றபோது தீப்பொறி இல்லை, பெட்ரோல் இருந்தது, இருபது நிமிடத்தில் ஓடியது’ என்று சொல்லுங்கள். நின்ற நிலையிலேயே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நல்லவை என்று பின்னால் தெரிந்தால் உதிரியாக இருக்கும்.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்புவது?

எந்தச் சூழலில் நின்றதோ அதே சூழலில் ஓட்டிய பிறகு. நெரிசலில் நாற்பது நிமிடத்தில் நின்ற வண்டியைக் காலைக் குளிரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. நோட்டைப் புரட்டி, பழைய இடைவெளியைப் போல மூன்று மடங்கு நாள் ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை நின்ற வண்டி என்றால் மூன்று வாரம். அதுவரை டெஸ்ட் லைட்டின் ஒரு வயரைக் காயிலின் பாசிட்டிவ் முனையிலும் மறு வயரை எர்த்திலும் மாட்டி, சூடான குழாய்களில் படாதபடி உள்ளே இழுத்து, டாஷ்போர்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். மறுபடி நின்றால் விளக்கு எரிகிறதா, அணைந்ததா என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.